சவப்பெட்டியில் சிரித்த அம்மா

ஸ்கூடாய்,
27 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதி அடித்துவிட்டேன். இப்போதைக்கு அது வராது.

நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள். அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன். சொல்லி முடித்த கையோடு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. போனில் பேசினால் அழுதுவிடுவேன். உங்களுக்காக ஒரு முறை அழுததே போதும். அதனால்தான் கடிதம்.

திங்கட்கிழமை காலை சிங்கப்பூரில் கிளினிக்கில் வேலையில் இருந்தேன். பெக்கோக்கிலிருந்து வாலண்டைனின் தங்கை ஜோஆன் ஒரு படம் அனுப்பினாள். நம் ஊர் சாஆ முச்சந்தியில் கட்டியிருந்த பேனர். ‘கண்ணீர் அஞ்சலி’ என்று பெரிய எழுத்து. நடுவில் மாலை போட்ட உங்கள் படம். ‘திருமதி யோகம் ஏரம்பமூர்த்தி’. அதற்குக் கீழே, பிள்ளைகள் மோகனதாஸ், பிரேமளா. மருமகன் வாலண்டைன். பேரன் ஜேடன். “அண்ணி, இது உங்க அம்மாதானே?” என்று கேட்டிருந்தாள்.

தோட்டத் தொழிலாளியின் மகன் என்று வீட்டில் மறுத்த வாலண்டைனைக் கல்யாணம் செய்துகொள்ள வீட்டை விட்டு வந்த பிறகு, உங்கள் பெயரோடு என் பெயரும் சேர்ந்து இருப்பதை அன்றுதான் பார்த்தேன். அதுவும் சாவு அறிவிப்பில். டாக்டரிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினேனா என்றுகூட நினைவில்லை. பாலம் தாண்டி ஜோகூருக்கு வந்து சேர்ந்தேன். வாலண்டைன் ஜேடனைப் பள்ளியிலிருந்து அழைத்துக்கொண்டு காரோடு நின்றார். யோங் பெங் வழியாகச் சாஆவுக்கு ஓட்டினார்.

நம் வீட்டு வாசலில் கூடாரம், பிளாஸ்டிக் நாற்காலி, வெள்ளைத் துணி. கேட் விரியத் திறந்திருந்தது. ஜேடனையும் அவன் அப்பாவையும் காரிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். பெண்கள் மாரடித்து அழுதுகொண்டிருந்தார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை, வழிவிட்டார்கள். ஹாலில் பெட்டிக்குள் நீங்கள். மூக்கிலும் காதிலும் பஞ்சு. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. அதற்குப் பிறகு நான் என்ன சொல்லி அழுதேன் என்று எனக்கே தெரியாது. பெட்டியின் விளிம்பில் தலையை மோதிக்கொண்டேன். நெற்றி இன்னும் வீங்கியிருக்கிறது.

அப்போது நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். திறந்து, என் முகத்தைப் பார்த்து, பல் தெரியச் சிரித்தீர்கள்.

செத்த தாய் எழுந்து சிரிப்பதைப் பார்த்த மகள் இந்த ஜோகூரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உயிர் எனக்குப் போய்விட்டது என்றே நினைத்தேன். நான் அலறினேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அம்மா, கைதட்டினார்கள்! ஹெட்ஃபோன் மாட்டிய ஒருத்தி என் தோளைத் தட்டி, “அக்கா, செம்ம லா! எந்த ஏஜென்ட் உங்கள அனுப்பினாங்க?” என்று கேட்டாள். வாசலில் போய் வாந்தி எடுத்துவிட்டு ஓடி வந்து காரில் ஏறினேன்.

அது சினிமா என்று ஜோஆன்தான் விசாரித்துச் சொன்னாள். பேய்ப் படமாம், அதுவும் சிரிப்புப் பேயாம். உங்களுக்கு இந்த வயதில் இது தேவையா? அந்தப் பேனரை உடனே கழற்றச் சொல்லுங்கள். என் அழுகை அந்தப் படத்தில் வரக்கூடாது. அது நடிப்பு இல்லை.

இன்னொன்று. ஜேடன் என்று என் மகனுக்குப் பெயர் வைத்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்திலிருந்து யாரும் சொல்லவில்லை.

பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை. முகவரி உறையின் பின்னால் இருக்கிறது.

பிரேமளா


சாஆ,
30 ஆகஸ்ட் 2025

பிள்ளை பிரேமளாவுக்கு,

உன் கடிதத்தை மேக்கப் போடும் நாற்காலியில் உட்கார்ந்து படித்தேன். கண்ணீர் வந்து பாதி முகம் கரைந்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து பூசினார்கள். மேக்கப்காரி திட்டினாள். திட்டட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன், கேள். சிம்பாங் ரெங்கத்துக்காரன் மதிவாணன் என்று ஒரு தம்பி, டைரக்டர், நம் வீட்டில் படம் எடுக்க அனுமதி கேட்டு வந்தான். பழைய வீடு, எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்து ஓரம், பேய்க்கு ரொம்பப் பொருத்தம் என்றான். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் வீட்டில் நாலு மனிதர்கள் நடமாடட்டும் என்று சம்மதித்தேன். படத்தின் பெயர் ‘மாமியாருக்கு மரணமில்லை’. செத்துப்போன மாமியார், சாம்பாரில் உப்புக் குறைந்தால்கூட எழுந்து வந்துவிடுவாள். அந்த மாமியாராக நடிக்க வந்த அம்மாவுக்கு டெங்கிக் காய்ச்சல். அன்றைக்கு ஜெனரேட்டர்காரன் என் பூச்செடி மேல் வயரைப் போட்டான் என்று அவனை நான் பிடிபிடியென்று பிடித்தேன். மதிவாணன் பார்த்துக்கொண்டே நின்றவன், “அம்மா, இந்த முகம் போதும்மா. நீங்களே பேயா வந்துடுங்க” என்றான். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

பேனர் என் மடத்தனம். ஷர்மைன் என்று ஒரு பெண் (உன் தோளைத் தட்டியவள் அவள்தான்) போனும் கையுமாக ஓடி வந்தாள். “ஆண்ட்டி, பேரெல்லாம் சொல்லுங்க, பேனர் கடைக்கு அனுப்பணும்” என்றாள். கதையில் வரும் மாமியாரின் குடும்பத்துப் பெயர்களைத்தான் கேட்டிருக்கிறாள். நான் நில அலுவலகத்தில் காலமெல்லாம் குப்பை கொட்டியவள். பெயர் என்ன, பிள்ளைகள் யார் என்று எவர் கேட்டாலும் அடையாள அட்டையில் உள்ளபடி சொல்லித்தான் பழக்கம். சொன்னேன். உன் பெயரை விட்டுவிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. உன் பெயர் வந்தால் உன் புருஷன் பெயர் வரவேண்டும், பிள்ளை பெயர் வரவேண்டும். எல்லாம் தானாக வந்தது. மோகன் அந்தப் பேனர் படத்தைப் பார்த்துவிட்டு கோலாலம்பூரிலிருந்து போனில் குதித்தான். “சொந்தக்காரன் எல்லாம் என்ன நினைப்பாங்க?” என்றான். நான் உயிரோடு இருப்பதைவிட அவனுக்கு அதுதான் பெரிதாகப் போய்விட்டது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா மக்சிக் ரோகானி ஒரு பை அரிசியோடு அழுதுகொண்டு வந்துவிட்டார். மளிகைக் கடைச் சீன முதலாளி, நம் தவுக்கே, பூவளையம் அனுப்பினார். “அலமாக், ஆண்ட்டி இன்னும் ஹிடுப் லா!” என்று, நான் உயிரோடு நிற்பதைப் பார்த்துப் பிறகு அவரே சிரித்தார். பேனரை அன்று மாலையே கழற்றிவிட்டார்கள்.

இப்போது அந்தச் சிரிப்பு. நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, பிள்ளை. சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. செத்துக் கிடக்கும் காட்சி முடிந்தால் அப்படியே எழுந்து போகக்கூடாதாம். காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கண்ணைத் திறந்து அதைப் பார்த்து நன்றாகச் சிரிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் அந்தச் சாவு ஆளோடு ஒட்டிக்கொள்ளுமாம். அதிலும் இது சீனர்களின் பேய் மாதம். லைட் போடுகிற ஆ செங் தினமும் காலையில் கேட்டருகே ஊதுபத்தி கொளுத்தி, “இது சும்மா நடிப்புதான், கோபப்படாதீங்க” என்று நிஜப் பேய்களிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சுவிட்சைத் தொடுவார். அதனால் எல்லாரும் சேர்ந்து எனக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பெட்டியைத் தட்டினால் சிரிக்க வேண்டும்.

காதில் பஞ்சு. யாரோ கதறுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலத்தான் கேட்டது. கூலிக்கு அழ வந்தவர்களில் ஒருத்தி நன்றாக அழுகிறாள் என்று நினைத்தேன். நீ தலையை மோதினாய் பார், அதைத்தான் தட்டுகிறார்கள் என்று எண்ணி, கண்ணைத் திறந்து சிரித்தேன். திறந்தால் நீ. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. உன்னைக் கூப்பிடுவதற்குள் நீ வாசலுக்கு ஓடிவிட்டாய். பெட்டியிலிருந்து ஒரு கிழவி உடனே இறங்கிவிட முடியுமா? அவர்கள் என்னைத் தூக்கி இறக்குவதற்குள் கார் போய்விட்டது. கை சில்லென்று இருந்ததற்கு ஐஸ் மைலோதான் காரணம். அதைக் குடித்துவிட்டுத்தான் படுத்தேன்.

ஜேடன் பெயர் எப்படித் தெரியும் என்கிறாய். உன் முகநூலில் ‘சரோஜா ஆண்ட்டி, குளுவாங்’ என்று ஒருத்தி இருக்கிறாளே, அது நான்தான்.

நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இனி என் மனதில் உள்ளதையும் கேட்டுக்கொள். பொய்ச் சாவுக்கு ஓடி வந்தாயே, உன் அப்பாவின் நிஜச் சாவுக்கு ஏன் வரவில்லை? மோகனை விட்டு உனக்குச் சொல்லச் சொன்னேன். சொன்னேன் என்றான். குருக்கள் நேரமாகிறது என்று அவசரப்படுத்தியும், பெட்டியை மூட விடாமல் உனக்காக நிறுத்தி வைத்தேன். “அவ வரமாட்டாம்மா, மூடச் சொல்லுங்க” என்று மோகன் சொன்ன பிறகுதான் விட்டேன். என்னைப் பிடிக்காவிட்டால் போகிறது. அந்த மனிதர் உனக்கு என்ன செய்தார்? அதை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அம்மா


ஸ்கூடாய்,
3 செப்டம்பர் 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை.

சரோஜா ஆண்ட்டி நீங்களா? ஜேடனுக்குக் காய்ச்சல் வந்தபோது எந்தக் கஷாயம் கொடுக்கவேண்டும் என்று எழுதியது நீங்களா? “என் அம்மா மாதிரியே பேசுறீங்க ஆண்ட்டி” என்று ஒரு தடவை நானே எழுதினேனே. அதற்கு ஒரு பூப் படம் மட்டும் அனுப்பினீர்கள். அட கடவுளே!

அப்புறம், அப்பாவின் சாவுக்கு நான் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்கள்.

நான் வந்தேன்.

கேட் சாத்தியிருந்தது. மோகன் அண்ணன் வெளியே நின்றிருந்தார். எனக்கு அப்போது ஜேடன் வயிற்றில். வாலண்டைன் காரில் இருந்தார், அவரால் தகராறு வரக்கூடாது என்று நான்தான் இறங்க வேண்டாம் என்றேன். அண்ணன் என்னை உள்ளே விடவில்லை. “அம்மா உன் முகத்தைப் பார்க்க மாட்டாங்களாம். நீ உள்ள வந்தா அம்மா எழுந்து போயிடுவாங்களாம். சாவு வீட்ல அசிங்கம் வேணாம், போயிடு பிரேமா” என்றார். கெஞ்சினேன். கேட்டுக்கு வெளியே நின்றாவது பார்க்கிறேன் என்றேன். “அம்மா ஒத்துக்க மாட்டாங்க” என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். பெரிய சாலையில் காரை நிறுத்தி, அப்பாவின் வண்டி போவதை மட்டும் பார்த்தேன். வண்டி மறைந்தும் அங்கேயே நின்றேன்.

இத்தனை வருடமும் உங்களைக் கல் என்றே நினைத்தேன். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அவரே வந்து கேட்டைத் திறந்திருப்பார் என்று வாலண்டைனிடம் சொல்லிச் சொல்லி அழுதிருக்கிறேன். நான் வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நீங்கள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தது அப்பாதான். ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் தூக்கி வைத்தார். அதை வைத்துக்கொண்டுதான் நான் இவ்வளவு காலம் ஓட்டினேன்.

இப்போது நீங்கள் எனக்காகப் பெட்டியை மூட விடாமல் நிறுத்தி வைத்ததாகச் சொல்கிறீர்கள். எதை நம்புவது? நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லையா? என் மேல் ஆணையாக உண்மையைச் சொல்லுங்கள்.

பிரேமளா


சாஆ,
6 செப்டம்பர் 2025

பிரேமளாவுக்கு,

நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு உட்கார இடம் தேடினேன். நாற்காலி பக்கத்திலேயே இருந்தும் என் கண்ணில் படவில்லை.

நீ வந்தாயா? வயிற்றுப் பிள்ளையோடு வந்து, நம் வீட்டுக் கேட்டில் நின்றாயா? நான் உள்ளே உன் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடாரத்துத் துணி மறைத்துக்கொண்டிருந்தது.

இன்று பேய் பறக்கும் காட்சி. செம்பனைக் குலை ஏற்றுகிற லாரியின் கிரேனில்தான் என்னைக் கட்டித் தூக்குகிறார்கள். “ஒரு சுமைக் குலையைவிட நீங்க கனம் குறைவு, பயப்படாதீங்க” என்று டிரைவர் சொன்னார். நான் இருட்டியதும் தூங்கிவிடுவேன் என்பதால் பகலிலேயே ராத்திரிக் காட்சி எடுக்கிறார்கள், அதற்காக ஜன்னல்களிலும் வாசல் கூடாரத்தைச் சுற்றியும் கறுப்புக் குப்பைப் பையை ஒட்டியிருக்கிறார்கள். கீழே மருமகளாக நடிக்கும் பெண்ணைப் பார்த்து நான் கத்த வேண்டும். என்னால் கத்த முடியவில்லை. அந்தரத்தில் தொங்கிக்கொண்டு அழுதேன். மதிவாணன், “அம்மா, பேய் அழக்கூடாதும்மா” என்றான். வாயோரம் பூசிய ரத்தம் வெறும் ரோஜா சிரப்பும் சோள மாவும். அதற்கு எறும்பு வந்து கடித்ததுகூட எனக்கு உறைக்கவில்லை.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது. இனி அதைப் பார்க்காமல் மூட முடியாது. நாளை மோகன் வருகிறான். கேட்கிறேன். நான் அப்படி ஒரு வார்த்தை…

இதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை. அவனிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

அம்மா


சாஆ,
10 செப்டம்பர் 2025

பிரேமளாவுக்கு,

மோகன் வந்தான். பேசினோம். மேற்படி விஷயத்தில் அவன் மேல் பிழை எதுவும் இல்லை. அவனை நீ ஒன்றும் சொல்லக்கூடாது.

நான்தான் சொன்னேன். அன்றைக்கு எனக்குப் புத்தி பேதலித்திருந்தது. உன்னை உள்ளே விட வேண்டாம் என்று நானே மோகனிடம் சொல்லிவிட்டு, துக்கத்தில் மறந்துவிட்டேன். அவன் எடுத்துச் சொன்ன பிறகு ஞாபகம் வந்தது. வயதாகிறது, என்ன செய்வது. ஆகவே பொறுப்பு முழுவதும் என்னுடையது. நீ என்னைக் கல் என்று நினைத்தது சரிதான். அப்படியே நினைத்துக்கொள். அது எனக்குப் பழகிவிட்டது.

உன் அப்பாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவர் இருந்திருந்தால் நீ சொன்ன மாதிரி அவரே வந்து கேட்டைத் திறந்திருப்பார். அதை நீ ஒருபோதும் சந்தேகப்பட வேண்டாம்.

மதிவாணன் உன் அழுகையைப் பற்றித் தினமும் கேட்கிறான். இந்தப் படத்திலேயே அதைவிட நல்ல ஷாட் கிடையாதாம். எடிட் பண்ணுகிறவர் பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாராம். “அக்காவோட கால்ல விழுந்தாவது கேட்கிறேன், வச்சுக்கலாமா அம்மா?” என்றான். முடியாது என்று சொல்லிவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியது என் நினைவில் இருக்கிறது.

வேறு என்ன? மழை. கூடாரம் ஒழுகுகிறது. பேய் வேஷத்துக்கு வெள்ளைச் சேலையைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்குகிறார்கள், வீடு முழுக்கத் தேயிலை வாடை. ஷூட்டிங் அலைச்சலில் சாமி அறையில் விளக்கு வைக்கவும் நேரம் இல்லை. உன் அப்பா படத்தைத் துடைக்கலாம் என்று ஹாலிலிருந்து கழற்றினேன். இன்னும் மாட்டவில்லை. மாட்டுவேன்.

பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

அம்மா


ஸ்கூடாய்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் பிணமாக நடித்தபோது நான் ஏமாந்தேன். ஆனால் இந்தக் கடிதத்தில் நடித்திருப்பது ரொம்ப மோசம்.

நில அலுவலகத்தில் இத்தனை வருடம் வேலை பார்த்தவர், எழுதி அனுப்புகிற கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ள மாட்டீர்களா? உங்கள் முதல் கடிதம் என் முன்னால் இருக்கிறது. குருக்கள் அவசரப்படுத்தியும் எனக்காகப் பெட்டியை மூட விடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பாவின் சாவுக்கு வராததை மன்னிக்கவே முடியவில்லை என்று என்னைத் திட்டியிருக்கிறீர்கள். வாசலில் ஆள் வைத்து மகளை விரட்டியவள், உள்ளே உட்கார்ந்து அவள் வருவாள் என்று பெட்டியைத் திறந்து வைத்திருப்பாளா? ‘மேற்படி விஷயம்’, ‘பொறுப்பு முழுவதும்’ என்று எழுதுகிறீர்கள். உண்மை பேசும்போது நீங்கள் எனக்கு ஒருநாளும் இப்படி அரசாங்கத் தமிழ் பேசியதில்லை.

அப்பாதானே?

உங்கள் கடிதத்தைப் படித்து முடிக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் விளக்கு வைக்கிறவர் வைக்கவில்லை என்கிறீர்கள். அவர் படத்தை இன்னும் மாட்டவில்லை என்கிறீர்கள். நேற்று மோகன் அண்ணனை நானே அழைத்தேன். முதலில் அவரும் “அம்மாதான்” என்றார். நீங்கள் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். உங்கள் முதல் கடிதத்தைப் போனிலேயே அவருக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் அழ ஆரம்பித்துவிட்டார்.

அப்பா ஆஸ்பத்திரியில் கடைசியாகச் சொன்னதை அண்ணன் அப்படியே சொன்னார். “நான் போன பிறகு அவ வந்தா உள்ள விடாதே. தோட்டத்துக் குடும்பத்துல போய் வாழ்றவ என் தலைமாட்டுல நிக்கக் கூடாது. நான் சொன்னதா சொல்லாதே, அம்மா சொன்னாங்கன்னு சொல்லு. அப்பதான் அவ திரும்பிப் போவா.” சாகப் போகிற மனிதரின் சொல்லை மீற முடியவில்லை என்றார் அண்ணன். உங்களிடம் சொல்லவும் தைரியம் வரவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்டபோதுதான் முதல் முறையாகச் சொன்னாராம். நீங்கள் அடிக்கவில்லை, திட்டவில்லை, எழுந்து போய் அப்பா படத்தைக் கழற்றினீர்கள் என்றார்.

எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை. என் அப்பா! என் பெட்டியைத் தூக்கிக் காரில் வைத்தாரே, அதை அன்பு என்று இத்தனை வருடம் நினைத்தேன். அவர் என்னை அனுப்பி வைத்திருக்கிறார். என்னை வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்தப் பழியை உங்கள் தலையில் போட்டுவிட்டுப் போனாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானும் அதை நம்பி உங்களை வெறுத்தேன். நீங்கள் இன்னொரு பெயரில் வந்து என் பிள்ளையின் காய்ச்சலுக்குக் கஷாயம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

இப்போதும் பாருங்கள், அவருக்காகப் பொய் சொல்கிறீர்கள். அவருக்காக இல்லை, எனக்காகத்தான். அப்பாவையாவது நான் வைத்துக்கொள்ளட்டும் என்று. தெரிகிறது அம்மா. ஆனால் அவரை வைத்துக்கொண்டு உங்களை விட்டுவிட எனக்கு இனி இஷ்டமில்லை. அழுதேன், நிறைய அழுதேன். வாலண்டைன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைசியில், “உங்க அம்மா இத்தனை நாள் தனியா இருந்திருக்காங்க பிரேமா” என்று மட்டும் சொன்னார். உங்கள் மருமகன் அதிகம் பேசமாட்டார்.

டைரக்டர் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அந்த அழுகையைத் தரமாட்டேன். படம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் சரி. அப்பாவுக்கு அழ எனக்கு இடம் கிடைக்கவில்லை. உங்களுக்கு அழுததுதான் நான் முறையாக அழுத ஒரே அழுகை. அதை ஊர் பார்க்க வேண்டாம்.

அன்று காரில் வரும்போது ஜேடன், “யார் வீட்டுக்குப் போறோம்?” என்று கேட்டான். உங்களைப் பற்றி என் பிள்ளையிடம் நான் சொன்ன முதல் செய்தியே, “உனக்கு ஒரு பாட்டி, அவங்க செத்துட்டாங்க” என்பதுதான். இப்போது உயிரோடு இருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப மறுக்கிறான். நேரில் பார்த்தால்தான் நம்புவானாம்.

வருகிற சனிக்கிழமை மூன்று பேரும் வருகிறோம். அன்றும் ஷூட்டிங் இருக்கும், தெரியும். பரவாயில்லை. நீங்கள் பேய் வேஷத்தில் இருந்தாலும், வாயெல்லாம் ரத்தமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. கேட்டுக்கு நீங்களே வந்து நில்லுங்கள், அம்மா. வேறு யாரையும் அனுப்பாதீர்கள்.

உங்கள்
பிரேமா